தெளிந்தால் ஒரு மூடி

அவள் யாரையும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த மாட்டாள். முதலில் அதை நான் பெரிய குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் என் மகனும் மருமகளும் இருந்தது மாடி அபார்ட்மென்ட். அவள் எங்களுக்கு நேர் கீழே இருந்தாள். தனியாள், முப்பத்தைந்து வயது இருக்கும். தூத்துக்குடிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. கழுத்தில் மெல்லிய சங்கிலியும் அதில் சின்னச் சிலுவையும் தொங்கும். என் வீட்டுக்காரர் காலமான வருஷம் மகன் என்னை அங்கே அழைத்துப் போனான். தமிழ் பேசுகிற ஒருத்தி கீழே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, வந்த முதல் சனிக்கிழமையே நானாக இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். நான் யார் வீட்டுக்கும் நானாகப் போகிறவள் இல்லை. அன்றைக்குப் போனேன்.

"உக்காருங்க ஆன்ட்டி. காபி இருக்கு. முறுக்கு அந்த டப்பாவுல இருக்கு. என்ன வேணுமோ எடுத்துக்கிடுங்க" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம் கண்ணு" என்றேன்.

"சரி ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் மூன்று தடவை வேண்டாம் என்பார்கள், நாலாம் தடவை தட்டில் விழுந்துவிடும். வேண்டாம் என்பது ஒரு மரியாதை, அதைப் போய் நிஜமாக எடுத்துக்கொள்ளும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பசியோடு மேலே ஏறி வந்தேன். மருமகளிடம், "கீழ இருக்கறவளுக்கு நாலு பேரை உபசரிச்சுப் பழக்கமில்லை" என்றும் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் கூடத்தில் பாதியை ஒரு மீன் தொட்டி அடைத்துக்கொண்டு நின்றது. பார்த்ததும், "வாடை வருமா?" என்று கேட்டேன்.

"வராது ஆன்ட்டி. உயிரோட இருக்கிற மீன் நாறாது."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல மூணு தலைமுறையாக் கவுச்சி பொழங்கறதில்லை. பக்கத்து வீட்டுல மீன் கொதிச்சாக்கூட அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். "அப்படியா ஆன்ட்டி" என்றாள்.

தொட்டியில் இருந்தது உப்புத் தண்ணீர். பெட்டியில் வரும் உப்பைக் கரைத்து, அளந்து பார்த்து, கடலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஏழெட்டு மீன்கள் இருந்தாலும் அவள் உயிர் ஒன்றின் மேல்தான். விரல் நீளம் இருக்கும். நீலத்தில் ஆரஞ்சுக் கோடு சுழித்துச் சுழித்து ஓடும். எங்கள் ஊர்த் தறிகளில் எந்தச் சேலைக் கரைக்கும் அப்படி ஒரு நிறம் விழுந்து நான் கண்டதில்லை. அது மற்ற மீன் போல நீந்தவும் நீந்தாது. பாறை மேல் தத்தித் தத்தி உட்கார்ந்து, கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி நாளெல்லாம் எதையோ கொத்திக்கொண்டே இருக்கும்.

"அங்க ஒண்ணையும் காணமே, எதைக் கொத்துது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

சமையலறை ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்திருந்த கண்ணாடி ஜாடிகளில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காட்டினாள். வெறும் தண்ணீர் என்று நான் நினைத்தது நகர்ந்தது. ரவையில் கால்வாசி கூட இராது ஒவ்வொன்றும். வெளிச்சத்தைப் பார்த்துத் துடித்துத் துடித்து வந்து கூடின. கோபிபாட் என்று அதற்குப் பெயர் சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. பொடிசு என்றே கடைசி வரைக்கும் சொன்னேன்.

அந்த மீன் பொடிசைத் தவிர வேறு எதையும் தொடாது. கடையில் அவள் பார்த்தபோதே வயிறு ஒட்டிப்போய்க் கிடந்ததாம். ரெண்டு மூணு நாள் பட்டினி போடு, காய்ந்த தீனியைத் தானாகத் தின்னப் பழகிக்கொள்ளும் என்று கடைக்காரன் சொன்னானாம்.

"பழகாது ஆன்ட்டி. செத்துத்தான் போவும். உயிரோட நவுந்தாத்தான் அதுக்கு அது சாப்பாடுன்னே தெரியும்."

"பிடிவாதம் பிடிச்ச சனியன். எங்க ஊர் மாடா இருந்திருந்தா ரெண்டு போடு போட்டுத் தின்ன வெச்சிருப்பேன்."

"பிடிவாதம் இல்ல ஆன்ட்டி. அதோட வாய் அப்படி."

இது அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஆபீசில் ஒருத்தர் இருபது வருஷமாக ஒரே ரொட்டியைத்தான் கொண்டுவந்து தின்கிறார் என்பாள், அவர் வாய் அப்படி என்று முடிப்பாள்.

அந்த மீனுக்காக ஆறு ஜாடிப் பொடிசு வளர்த்தாள். பொடிசு தின்பதற்குப் பாசி ஊறிய பச்சைத் தண்ணீர் வேண்டும். அதைத் தனியாக சோடா பாட்டில்களில், விளக்கு வைத்து, செடிக்குப் போடும் உரம் ரெண்டு சொட்டு விட்டு, காற்றுக் குமிழி ஓட விட்டு வளர்த்தாள். ஒரு மீனுக்குச் சோறாக்க ஒரு சமையலறை, அந்தச் சோற்றுக்குச் சோறாக்க இன்னொரு சமையலறை. தனக்கென்று அவள் அடுப்பில் ஏற்றுவது பருப்பும் ரசமும்தான்.

அந்த மாதங்களில் எனக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். "அத்தை, இன்னும் ஒரே ஒரு சப்பாத்தி" என்று கெஞ்சுவாள். "ஏம்மா இப்படிப் படுத்தறே, டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டுமா?" என்பான் மகன். பசியில்லை என்று சொல்லிவிடுவேன். இது வேண்டும் அது வேண்டும் என்று ஒருத்தரிடம் கேட்டு வாங்கித் தின்றவள் இல்லை நான்.

கீழே இருந்தவள் என்னை வேறு மாதிரிப் பார்த்தாள். அந்த மீனைத் தினமும் காலையில் பார்க்கும்போது தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள், விழுந்தால் பட்டினி என்று அர்த்தம். ஒரு நாள் மாடிப்படியில் என் பின்கழுத்தையும் அதே மாதிரி பார்த்தாள்.

"ஊர்ல காலையில என்ன சாப்பிடுவீங்க ஆன்ட்டி?"

"கம்பஞ்சோறும் மோரும். அதுக்கென்ன இப்ப?"

"சும்மா கேட்டேன்."

நாலு நாள் கழித்து எங்கள் கதவுக் குமிழில் ஒரு பை தொங்கியது. இந்தியன் கடைக் கம்பு மாவு, ரெண்டு பொட்டலம். சீட்டு இல்லை, பெயர் இல்லை. களி கிண்டி, மோர் ஊற்றி, நின்ற நிலையில் வழித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டீர்களா, பிடித்ததா என்று அவள் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் படியில் பார்த்தபோது என் கழுத்தைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள், போய்விட்டாள்.

இந்தக் குணம் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஒருத்தனோடு வாழ்ந்திருக்கிறாள். அவன் நியூ ஜெர்சியில் வேறு வேலை கிடைத்துப் போகிறேன், தனியாகவே போகிறேன் என்றானாம். இவள் சரி என்றாளாம்.

"சரின்னியா? கையைப் பிடிச்சு நிறுத்த வேண்டாமா அம்மிணி?"

"பிடிச்சு நிறுத்தினா கையிதான் நிக்கும் ஆன்ட்டி."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு தடவையாவது, போகாதே என்று ஒருத்தரிடம் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கும் எனக்கு அதே எண்ணம்தான்.

இன்னொரு சங்கதியும் என்னை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள் நேரே வீட்டுக்கு வர மாட்டாள். ஃப்ரிமான்ட்டில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய், சாயங்காலம் தலைக்குக் குளித்த ஈரத்தோடு, வேறு துணி உடுத்திக்கொண்டு, கழுவின டிபன் கேரியரோடு வருவாள். இன்னொரு வீட்டில் குளித்துவிட்டு வருகிற பெண்ணைப் பற்றி என்ன நினைப்பது? மருமகளிடம் சாடையாகச் சொன்னேன். "அத்தை, இது அமெரிக்கா. உங்க ஊரு பஞ்சாயத்து இல்ல" என்று சிரித்தாள். வாயை மூடிக்கொண்டேன். மனசை மூடவில்லை.

அவள் ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் டெக்சாசுக்குப் போக வேண்டி வந்தது. பொடிசுகளை என்னிடம் விட்டாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஆகாது என்று பொடிசு ஜாடிகளுக்குச் சிவப்பு நூலும் பச்சைத் தண்ணீர் பாட்டில்களுக்குப் பச்சை நூலும் கட்டினாள்.

"இந்தப் பாட்டில் மூடியில ஒரு மூடி பச்சைத் தண்ணி ஆன்ட்டி. தண்ணி லேசாப் பச்சையா இருந்தா விடாதீங்க, அதுங்களுக்குச் சாப்பாடு இருக்குன்னு அர்த்தம். தெளிஞ்சா மட்டும் ஒரு மூடி."

"ஒரு மூடி எந்த மூலைக்கு? ஆயிரம் உசுரு இருக்குதுங்கறே."

"போதும் ஆன்ட்டி."

ரெண்டாம் நாள் பார்த்தேன், தண்ணீர் தெளிந்து கிடந்தது. எனக்கு அது காலித் தட்டாகத்தான் தெரிந்தது. ஒரு மூடி விட்டேன். கை அதோடு நிற்கவில்லை. ஆறு ஜாடிக்கும் தாராளமாக ஊற்றினேன். மறுநாள் பச்சைப் பாட்டில்கள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டன. தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்து, மேலே நான் வடித்த சோற்றுக் கஞ்சியை ஆற வைத்துக் கொண்டுவந்து ஜாடிக்கு அரைத் தம்ளர் விட்டேன். கன்றுக்குட்டியிலிருந்து கட்டுத்தறி மாடு வரைக்கும் கஞ்சி குடித்துக் கெட்டுப்போனதை நான் பார்த்ததே இல்லை.

நாலாம் நாள் ஆறு ஜாடியும் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. ஐந்தாம் நாள் நாற்றம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வெளிச்சத்துக்கு வரவில்லை.

அவள் பெட்டியோடு உள்ளே வந்ததும் நின்றாள். மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஜாடியைத் திறந்து முகர்ந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலே கண்ணு. அதுவாக் கெட்டுப்போச்சு" என்றேன்.

"அதுவாக் கெடுறதும் உண்டுதான் ஆன்ட்டி" என்றாள். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினாள். பிறகு மீனின் முன்னால் உட்கார்ந்து அதன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கிற பொடிசைத் தின்று சில நாள் தாங்கும், அப்புறம் தாங்காது என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அதற்கும் அவள் வழி விடவில்லை.

மறுநாள் ஹேவார்டுக்குக் கிளம்பினாள். அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பிலிப்பினோக்காரர் ஒருவர் மீன் வளர்க்கிறார், ரெண்டு வருஷம் முன்னால் அவருக்கு இவள்தான் முதல் ஜாடி கொடுத்தவள். நானும் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டேன். ஃப்ரீவேயில் பாதி தூரம் போனோம்.

"கஞ்சி ஊத்தினேன்" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கலே?"

"கேட்டா நீங்க இல்லைன்னுதான் சொல்லுவீங்க. சொல்லிட்டா அதைக் காலம் பூராக் காப்பாத்தணும். உங்களுக்கு எதுக்கு அந்தச் சோலி?"

எழுபதுக்குப் பக்கத்தில் வந்திருந்த என்னை அப்படி மடக்கினவர்கள் வேறு யாரும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பஸ்காரர் வீட்டு கராஜில் ஜாடிகள் எங்கள் ஊர் ஊறுகாய்க் கடை மாதிரி அடுக்கியிருந்தன. நடந்ததை அவள் இங்கிலீஷில் சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுத்தாளா என்று அவர் முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. ஒரு ஜாடி நிறையக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

"பரவாயில்லையே, கேட்டதும் கொடுத்துட்டாரு."

"மீன் வளக்குற எங்க எல்லாருக்கும் இது வழக்கம் ஆன்ட்டி. நெறைய இருக்கும்போதே ஒரு ஜாடி இன்னொரு வீட்டுல கொடுத்து வச்சிரணும். நம்மகிட்ட செத்துப்போனா திரும்பக் கேக்க ஒரு வீடு வேணும்லா?"

அந்த ஒரு ஜாடி ஆறு ஜாடியாக ஒரு மாதம் பிடித்தது. அதுவரை மீனுக்கு எண்ணி எண்ணித்தான் கிடைத்தது. மெலிந்து, அந்தப் பட்டு நிறம் மங்கிப் போனது. நான் தினமும் இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்ப்பேன். கை பரபரக்கும், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஐந்தாம் வாரம் ஒரு சாயங்காலம் அவளே மூடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தெளிஞ்சிட்டு ஆன்ட்டி. ஒரு மூடி."

விட்டேன். மீன் பிழைத்துக்கொண்டது.

ரெண்டாயிரத்து ஒன்றில் அந்தப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களை அனுப்பின. எங்கள் வளாகத்தில் ஒரே மாதத்தில் எத்தனை வீடு காலியானது! அவள் வேலையும் போனது. வேலை போனால் விசாவும் போகும் என்றார்கள். பத்து நாளில் கிளம்ப வேண்டும்.

"போயி அந்த மேனேஜரைக் கேக்க வேண்டாமா? ஆறு வருசம் உழைச்சிருக்கறே."

"அவங்ககிட்ட வேலை இல்ல ஆன்ட்டி. இருந்தா கொடுத்திருப்பாங்க."

மீனை என்ன செய்வது என்பதுதான் அவள் வெசனம். திரும்பக் கடையில் விட்டால் காய்ந்த தீனியைப் போட்டே கொன்றுவிடுவார்கள். என்னிடம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கிற ஆளா? நானே சொன்னேன், "எனக்கு ஆசைதான் கண்ணு. ஆனா என்னை நம்பாதே. நான் அள்ளிப் போட்டுருவேன்." அவள் சிரித்தாள். அந்தப் பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

கடைசி சனிக்கிழமை பஸ்காரர் வந்து மீனை வாளியிலும் தொட்டியை வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போனார். கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது. ஜன்னல் ஓரம் சிவப்பு நூல் கட்டின ஒரே ஒரு ஜாடி நின்றது.

"இது உங்களுக்கு ஆன்ட்டி. அவருக்கு எப்பவாவது செத்துப்போச்சுன்னா உங்ககிட்டத்தான் வருவார்."

அதற்குப் பிறகு அவர் ரெண்டு தடவை காலி பாட்டிலோடு எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார். ரெண்டு தடவையும் நிறைத்துத்தான் அனுப்பினேன்.

அந்தக் கடைசி சனிக்கிழமை சமையலறையைக் காலி செய்ய அவளுக்கு ஒத்தாசையாக இருந்தேன். அலமாரி அடியில் ஒரு டப்பா இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் பை, வாயெல்லாம் டேப் சுற்றியிருந்தது.

"என்ன இது, இந்தக் கட்டுக் கட்டி வெச்சிருக்கறே?"

"கருவாடு ஆன்ட்டி. நெத்திலி. ஊர்லருந்து வாரவங்ககிட்ட அம்மா கொடுத்து விடுவாங்க."

"இதை எப்பச் சமைப்பே? ஒரு நாளும் இங்கிருந்து வாடை வந்ததில்லையே."

"இங்க இல்ல. ஞாயித்துக்கிழமை, ஃப்ரிமான்ட்ல."

நான் டப்பாவைக் கையில் வைத்தபடியே நின்றேன். ஈரத்தலை, மாற்றுத்துணி, கழுவின கேரியர். கடல் ஓரத்தில் பிறந்தவள், ஆறு வருஷமாகத் தன் வீட்டு அடுப்பில் ஒரு மீன் துண்டு போட்டதில்லை.

"ஏன் கண்ணு, சொல்லியிருந்தா நான் ஜன்னலைச் சாத்திக்க மாட்டேனா?"

"சோறு எறங்காதுன்னீங்களே ஆன்ட்டி."

அவள் குனிந்து பெட்டிக்கு டேப் ஒட்டினாள். பின்கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையோ. ஆறு வருஷத்தில் பண்டிகைக்குப் பண்டிகை அவள் தட்டில் என் வீட்டுப் பலகாரத்தைக் குவித்திருக்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

"அடுப்பு இன்னும் எரியுதா?"

"எரியும். எதுக்கு ஆன்ட்டி?"

"இதை இங்கியே வை. குழம்பு வை."

"வேண்டாம் ஆன்ட்டி, மாடியில எல்லாருக்கும்..."

"உன் வாய் அப்படி, கண்ணு. நான் போய்ச் சோறு வடிச்சுக் கொண்டாறேன்."

மேலே போய் மகனிடம், "கீழ கருவாடு கொதிக்கும். வாடை ஆகாதுன்னா ஜன்னலைச் சாத்திக்கங்க" என்றேன். "அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றான். சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வாசனை எனக்கு ஆகவில்லை. முந்தானையை மூக்குக்குக் கொண்டு போனேன். அவள் பார்ப்பதற்குள் இறக்கிக்கொண்டேன். ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். அவள் தரையில் காகிதத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு போட்டேன். குழம்பை அவளே ஊற்றிக்கொண்டாள். பிசைந்து முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடினாள். அவள் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தட்டு பாதி ஆனபோதே என் கை கரண்டியை எடுத்துவிட்டது. குவித்து அள்ளியும் விட்டேன். அப்படியே பானைக்குள் திரும்ப இறக்கினேன். பொறுத்திருந்தேன். தட்டு காலியானது. அவள் விரலால் ஓரத்தை வழித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க ஆன்ட்டி."

போட்டேன். ஒரு கரண்டி.